ஏழு வாசல் தாண்டி வந்த ரசம்

வெகு காலத்துக்கு முன்னால் வெண்பாறை நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபம் வந்தால் கண் மண் தெரியாது. ராணி போய்ச் சேர்ந்த பிறகு, நூறு பேர் உட்காரும் போஜன மண்டபத்தில் ஒற்றை இலை போட்டுத் தனியாகச் சாப்பிடுவான். பாவம், ராஜாவோடு சரிசமமாக உட்கார யாருக்குத் துணிச்சல்?

சமையற்கட்டிலிருந்து அந்த இலைக்குச் சோறு வர ஏழு வாசல். வாசலுக்கு வாசல் ஓர் அதிகாரி மூடியைத் திறப்பார், முகர்வார், முத்திரை வைப்பார். எல்லாம் பெரிய அதிகாரி சாத்தப்பர் செய்த ஏற்பாடு. ரசம் வந்து சேரும்போது பச்சைத் தண்ணீராய் ஆறியிருக்கும். "உப்பு கம்மி" என்று ராஜா சொன்னால், அந்தச் சொல்லும் ஏழு வாசல் தாண்டித்தான் போகணும். அது போய்ச் சேருகிற அன்றைக்குப் பாயசத்தில் உப்பு விழும்.

ஒருநாள் உப்புப் பாயசத்தை விழுங்கிவிட்டு ராஜா எழுந்தான். "சமையற்காரர்கள் அத்தனை பேரும் நாளைக்குள் நாட்டைவிட்டு ஓடணும்" என்றான்.

சாத்தப்பர் குழைந்தார். "இன்னும் மூன்று வாசல் கட்டி மேற்பார்வையைப் பலப்படுத்தினால் சரியாகிவிடும், மகாராஜா. இரண்டே வருஷம்."

சாத்தப்பருக்கு மந்திரி நம்பிராயரைக் கண்டாலே ஆகாது. அந்த நம்பிராயர் மெல்லச் சொன்னார்: "இரண்டு வருஷம் எதற்கு, பிரபு? நாளை மத்தியானம் என்னோடு கொஞ்சம் நடந்து வாருங்கள். அப்புறம் யாரை வேண்டுமானாலும் விரட்டுங்கள்."

மறுநாள் மத்தியானம் ராஜா நம்பிராயரோடு சமையற்கட்டு வாசலில் போய் நின்றான். உள்ளே அடுப்போரம் சம்மணம் போட்டு, ஆவி பறக்கும் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் யார்? நம்ம சாத்தப்பர்தான். சுற்றிலும் சமையற்காரர்கள் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவைக் கண்டதும் சிரிப்பு சட்டென்று நின்றது. அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் அரண்மனைக்குள் இப்படியெல்லாம் சிரிப்பார்கள் என்றே அவனுக்குத் தெரியாது.

"உமக்கு ஏழு வாசல் கிடையாதா, சாத்தப்பரே?"

"சூடு சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்தேன், மகாராஜா."

நம்பிராயர் இன்னோர் இலை போட்டார். ராஜா உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றான். தலைமைச் சமையற்காரர் சிங்காரம் அங்கேயே ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, "இப்போ பாருங்க சாமி" என்றார். சரியாக இருந்தது. ராஜா ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"இவ்வளவுதான் பிரபு. ஆக்கும்போதே ருசி பாருங்கள். குறையிருந்தால் ஆக்குகிறவரிடமே சொல்லுங்கள்" என்றார் நம்பிராயர்.

சமையற்காரர்கள் பிழைத்தார்கள். மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. சாத்தப்பருக்கு மட்டும் தண்டனை: "இனி என் மண்டபத்தில் நீர் தனியாகச் சாப்பிடும். எல்லாம் ஏழு வாசல் வழியாகவே வரும்."

சில நாள் போயிற்று. ராஜா இப்போதெல்லாம் சமையற்கட்டிலேயே சாப்பிட்டான். ஒருநாள் அடுப்போரம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெரிய மண்டபமும் அதில் கிடக்கும் ஒற்றை இலையும் கண்ணிலேயே நின்றன.

"சாத்தப்பரைக் கூப்பிடச் சொல்லுங்கள்" என்றான். ஏழு வாசலும் ஞாபகத்துக்கு வந்தன போலிருக்கிறது. "வேண்டாம், நானே போகிறேன்" என்று எச்சில் கையோடு எழுந்து நடந்தான்.