அண்ணாச்சியின் பின்சக்கரம்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஆண்டுக்கொரு முறை சைக்கிள் பந்தயம் நடக்கும். அதற்கு முந்தின வாரம் அதே பாதையில் சாதாரண ஆட்களும் ஓட்டுவார்கள். இவர்களுக்குக் கோப்பை கிடையாது, மாலை கிடையாது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் நன்கொடை திரட்டி, காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பார்கள்.

திருநெல்வேலிக் கூட்டத்துக்கு பெர்னதெத் டீச்சர்தான் குரு. அவளிடம் ஓட்டப் பழகியவர்களில் மூத்தவர் பாத்திரக்கடை ஆழ்வாரப்பன் அண்ணாச்சி. குருவைவிட இருபது வயது பெரியவர். ஆனாலும் சைக்கிள் விஷயத்தில் டீச்சர் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு, ஒன்றே ஒன்றைத் தவிர.

எதிர்காற்று அடிக்கும் இடத்தில் இவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் இருப்பவர் காற்றைத் தன் மேல் வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்கு மிதிப்பது லேசாகும். அவர் களைத்ததும் கடைசிக்கு வந்துவிட, அடுத்தவர் முன்னால் போவார். இது அண்ணாச்சிக்கு ஆகாது. போன வருஷம் முப்பந்தலில் ஆடிக்காற்று அவரை அடித்துப் போட்டது. அப்போதும் யார் பின்னாலும் போகமாட்டேன் என்று முரண்டுபிடித்து, கூட்டத்தோடு வரும் வேனில் ஏறித்தான் குமரிக்குப் போய்ச் சேர்ந்தார். ஊர் வந்த பிறகு ஒரு மாதம் அவர் சரியாகப் பேசவில்லை. இந்த வருஷம் ஓட்டியே கடலைப் பார்ப்பது என்று வீம்பாக வந்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை, வள்ளியூர் டீக்கடையில் அவர் வாயைத் திறந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"கடைக்கு வார சனமெல்லாம், நான் ஓட்டுதேன்னு நம்பித்தான் நன்கொடை குடுத்திருக்கு. இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுப் போனா, அது நான் ஓட்டினதாகுமா?"

டீச்சர் கையிலிருந்த வடையைத் தின்று முடித்தாள்.

"நீங்க முன்னால போங்க."

"எதுவரைக்கும்?"

"முடியுத வரைக்கும்."

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. தொப்பியை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காவல்கிணறு தாண்டியதும் காற்று வந்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் பேய்ச் சுற்றாகச் சுற்றின. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். நெஞ்சில் கைவைத்து யாரோ தள்ளுவதுபோல் இருந்தது. இருந்தும், ரோட்டில் குழி வந்தபோதெல்லாம் அவர் கை தானாகப் பின்னால் தாழ்ந்து விரலை நீட்டியது. முன்னால் போகிறவர் அப்படிக் காட்ட வேண்டும் என்பது கூட்டத்தின் வழக்கம். பின்னால் வருகிறவருக்கு முதுகுதான் தெரியும், குழி தெரியாது. காட்டினாரே தவிர, அண்ணாச்சி ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வந்ததும் கால் இரண்டும் மரத்துவிட்டன. போன வருஷம் நின்ற அதே இடம். ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேன் வேறு சரியாக வந்து நின்றது.

கூடவே ஒரு சைக்கிளும் வந்து நின்றது. கலாவதி. அவள் மகளுக்குப் போன வருஷம்தான் கருவி கிடைத்தது. அதற்குப் பிறகு சைக்கிள் பழகி, முதல் தடவையாக வந்திருந்தாள்.

"நல்லா இருப்பிய அண்ணாச்சி! உங்க முதுகு இல்லேன்னா நான் எப்பவோ வேன்ல ஏறியிருப்பேன். குழி ஒண்ணு விடாமக் காட்டிக்கிட்டு வந்திய."

அண்ணாச்சி திகைத்துப்போனார். "நீ என் பின்னாலயா வந்த?"

"அண்ணாச்சி பின்சக்கரத்தை விட்றாதன்னு டீச்சர்தான் சொன்னாவ."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வேனுக்குப் போனாள். டீச்சர் வந்து அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள்.

"முடியல டீச்சர். வேன்ல ஏறிக்கிடுதேன்."

"வரிசையில பின்னால வாங்க. நாகர்கோவில்ல திரும்பிட்டா காத்து முதுகுப் பக்கம் வந்துரும்."

"அதான் சொன்னேனே. ஒளிஞ்சு வந்தா அது ஓட்டினதாகாது."

"சரி. அப்போ ஏறுததுக்கு முன்னால ஒரு உதவி பண்ணுங்க. கலாவதி இம்புட்டுத் தூரம் வந்தது, ஓட்டினதாகாதுன்னு அவகிட்டச் சொல்லிருங்க. நீங்க சொன்னா கேட்டுக்கிடுவா."

அண்ணாச்சி வேன் பக்கம் பார்த்தார். கலாவதி போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். காற்றை மீறிக் கேட்கட்டும் என்று கத்தினாள்.

"அம்மா முப்பந்தல் வந்துட்டேன்டி! கேக்குதா? ஆமா, சைக்கிள்லதான். நானேதான் ஓட்டினேன்!"

அந்தப் பக்கம் பிள்ளை என்ன சொன்னதோ, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணாச்சி வாழைப்பழத்தை உரித்து மெதுவாகத் தின்றார். பிறகு எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"டீச்சர், குழி வந்தா எனக்குக் காட்டுவியளா?"

"என்கிட்ட ஏன் கேக்கிய அண்ணாச்சி? இப்போ உங்களுக்கு முன்னால போகப்போறது கலாவதில்லா."