ஆளில்லாத குளம்

கோடையில் அந்தக் காட்டுக் குளம் வற்றிவிட்டால் நண்டு, தவளை, ஆமை எல்லாம் சேற்றுக்குள் புதைந்து தூங்கும். மழை வந்தால்தான் எழுந்திருக்கும். காலங்காலமாக அங்கே அதுதான் வழக்கம்.

அப்படி எல்லாம் தூங்கும் நேரத்தில் வேறொரு நட்சத்திரத்திலிருந்து ஒரு விண்கலம் வந்து, காய்ந்த குளத்தின் நடுவில் இறங்கியது. வெள்ளி நிற நரிகள் வெளியே குதித்தன.

"ஒரு ஜீவன்கூட இல்லை! இனி இது நம் நாடு!" என்று நரித் தலைவன் கொடி நட்டது. குளத்தைச் சுற்றிலும் முள்கம்பி வேலியும் போட்டாயிற்று.

ஒருநாள் மழை கொட்டித் தீர்த்தது. செவத்தாள் என்ற நண்டு, வயிற்றில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு கரையோர வளையிலிருந்து வெளியே வந்தது. வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போகும்.

"யார் நீ? எங்கள் நாட்டில் அத்துமீறி நுழைகிறாயா?" என்று வேலியருகே மறித்தது நரித் தலைவன்.

"உங்க நாடா? நான் பொறந்ததே இங்கதான்!"

"நாங்கள் வந்தபோது இங்கே யாருமே இல்லையே!"

"இருந்தோம்! உங்க காலுக்குக் கீழதான் இருந்தோம்! குனிஞ்சு பாத்தீங்களா? ஒரு குரல் குடுத்தீங்களா?"

நரி சிரித்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! "தூங்குமூஞ்சிகளுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்கத்தான் வந்திருக்கிறோம். எங்களைப் புகழ்ந்து பாடுங்கள். ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் தருகிறோம்!"

ஒரு பெருந்தவளை முந்திக்கொண்டு பாடியது. அதன் கழுத்தில் பளபளப்பான பட்டை கட்டி, வேலிக்குக் காவல் வைத்தன நரிகள். அதுவோ சொந்தக்காரர்களையே விரட்டியது!

செவத்தாளுக்கு ரத்தம் கொதித்தது. "நமக்குத் தெரிஞ்சது வளை தோண்டுறது. வாங்க, தோண்டுவோம்!" என்று மற்ற நண்டுகளைக் கூப்பிட்டது.

வேலிக்கு அடியில் புகுந்து, விண்கலத்தின் கால்களுக்குக் கீழே நண்டுகள் குடைந்து தள்ளின. மழையில் ஊறிய சேறு குழைந்தது. விண்கலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயோ, நிலம் உள்ளே இழுக்கிறதே!" என்று அலறியது நரித் தலைவன்.

"இது நிலம் இல்ல, குளம்! எங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே!" என்றது செவத்தாள்.

நரிகள் விழுந்தடித்து விண்கலத்தில் ஏறின. "எஜமான், என்னையும் கூட்டிட்டுப் போங்க!" என்று பின்னாலேயே தாவியது பெருந்தவளை. அதன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டுப் பறந்தன.

நண்டுகள் வேலியைச் சாய்த்தன. செவத்தாளின் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின.

குடியிருப்பவரைக் கேட்காமல் 'ஆளில்லாத இடம்' என்று கொடி நடுகிறவன் எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தாலும் திருடன்தான். அவனை விரட்டியே ஆகவேண்டும்.