வெயிலைக் கொட்டிய காவல்காரன்

ஒரு குட்டையில் கெண்டை மீன் ஒன்று நாற்பது குஞ்சுகளோடு இருந்தது. அதே குட்டையில் நீலப்பச்சைப் பாசியும் படர்ந்திருந்தது. பாசி வெயிலைத் தின்று மூச்சுக்காற்றைக் குமிழி குமிழியாக விடும். மீன்களுக்கு அந்தக் குமிழிதான் உயிர்.

பாசியின் உடம்புக்குள் செம்பன் என்று ஒரு காவல்காரன் இருந்தான். மழைக்காலத்தில் ஆரஞ்சு நிறத்தில் சும்மா கிடப்பான். வெயில் ஏறினால் சிவந்துபோவான். பாசியால் தின்ன முடியாத வெளிச்சத்தைப் பிடித்து, சூடாக்கி, வெளியே கொட்டிவிடுவான். அவ்வளவுதான் அவன் வேலை.

பங்குனியில் குட்டை வற்றத் தொடங்கியது. மூச்சு போதாமல் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கெண்டைக்குப் பதறியது.

"பாசியக்கா! இன்னும் நிறைய குமிழி விடேன்!"

"கிடைக்கிற வெயிலுக்குத்தானே விட முடியும்?"

"எங்கே கிடைக்கிறது? பாதியை உன் செம்பன் கொட்டுகிறானே! மழை முழுக்கத் தூங்கினான். இப்போது எழுந்து சாப்பாட்டைக் கொட்டுகிறான். இவனுக்குப் பெயர் காவலா?"

பாசி உள்ளே திரும்பியது. "என்னடா, ஏன் கொட்டுகிறாய்?"

"அளவுக்கு மேல் ஆகாதுக்கா!" என்றான் செம்பன்.

"அளவு எவ்வளவு?"

"எனக்குச் சொல்லத் தெரியாது. அது வந்தால் நான் சிவந்துவிடுவேன்."

"ஆகா, பெரிய கணக்குப்பிள்ளை!" என்று சிரித்தது கெண்டை. பாசியும் சிரித்தது. செம்பனைப் பிடித்து வெளியே தள்ளியது.

இரண்டு நாள் குமிழி பொங்கியது. குஞ்சுகள் குதித்து விளையாடின. "பார்த்தாயா அக்கா!" என்றது கெண்டை.

மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. பாசி தின்றது. தின்றது. வயிறு நிறைந்த பிறகும் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. மூடிக்கொள்ள அதற்கு வாயா இருக்கிறது? மிஞ்சிய வெளிச்சம் உள்ளேயே நெருப்பானது.

"போதும்! எரிகிறதே! டேய் செம்பா, உள்ளே வாடா!"

செம்பன் சேற்றில் கரைந்துகொண்டிருந்தான். "முடியாதுக்கா. வெளியே வந்த பிறகு நான் காவல்காரன் இல்லை. சேறுதான்."

"புதுசாக ஒருத்தனைச் செய்கிறேன்!" என்று பாசி துடித்தது. செய்ய ஒரு நாளாவது வேண்டும். உச்சிவெயில் அதுவரை நிற்குமா? பாசி வெளுத்தது. குமிழி நின்றது.

"அம்மா, மூச்சு!" என்றன குஞ்சுகள்.

கெண்டை அங்கும் இங்கும் ஓடியது. ஓடி என்ன செய்ய? ஒவ்வொரு குஞ்சாக வெள்ளை வயிறு மேலே தெரியப் புரண்டது. கடைசிக் குஞ்சு கேட்டது: "அம்மா, குமிழி ஏன் நின்றது?"

"நான்தான் கண்ணு..." என்று கெண்டை தொடங்கியது. சொல்லி முடிக்கும்போது கேட்க யாரும் இல்லை.

உனக்கு வருவதைத் தடுக்கிறான் என்று ஒருவனைத் துரத்துவதற்கு முன்னால் அவன் வேறு எதைத் தடுக்கிறான் என்று பார். துரத்திய பிறகு தெரிந்து ஒரு பயனும் இல்லை.