ஆட்டுக்கால் சூப்பும் சடையப்பன் காலும்

பூசணம்பட்டியில் மூளை உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான் என்பது சடையப்பனின் முடிவு. அந்த வீட்டில் அவனும், அவனுடைய தம்பிகள் வெள்ளையனும் ஒச்சப்பனும் இருந்தார்கள்.

சடையப்பன் ஆட்டு வியாபாரி. பேரம் என்று வந்துவிட்டால் பெற்ற அப்பனையும் விடமாட்டான். கோபம் மூக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருக்கும். ஒருநாள் சந்தையில் மாட்டுவண்டி மேல் நின்று அவன் விலை சொல்ல, வாங்க வந்தவர், "கொஞ்சம் இறங்கி வாங்கண்ணே" என்றார்.

"இறங்க மாட்டேன்யா!"

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒரே ஒரு படி இறங்குங்க."

சடையப்பனுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு படி இறங்கினான். அங்கே படி இல்லை.

வலது கால் முறிந்தது. காலைவிடப் பெரிய கவலை கல்யாணம். நாலு இடம் தட்டிப்போய், ஐந்தாவதாக மேலக்குடி வீரபத்திரன் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் ஆள் அனுப்பிவிட்டார்: "மூணு வாரத்துல நிச்சயம். மாப்பிள்ளையோட கால் நடந்து வரணும். தூக்கிட்டு வந்தா தட்டு மாத்த மாட்டோம்."

கட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "தினமும் ஆட்டுக்கால் சூப்பு வைங்கப்பா. மிளகு சீரகம் தட்டிப் போட்டு, பத்து விசில் விட்டு இறக்கி, நல்லா வடிச்சு, ஆறுமுன்ன குடுத்துடுங்க. எலும்பு தானா கூடிடும்."

தம்பிகளை நம்பிக் கறிக்கடைக்கு அனுப்புவானா சடையப்பன்? கட்டிலோடு தன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னான். கடைக்காரர் நாலு கால்களை எடுத்து வைத்தார்.

"நாலு எதுக்கு? ஆட்டுக்குக் கால் ரெண்டுதானே?"

"நாலுங்க."

"முன்னால இருக்கிறது கைய்யா! தவழுறப்போ எனக்கும்தான் நாலு இருந்துச்சு. கையை நீயே வச்சுக்க. காலுக்கு மட்டும் பாதி விலை சொல்லு."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கால்களைப் பொட்டலம் கட்டினார். ஜெயித்த சந்தோஷத்தில் சடையப்பனுக்கு வலியே தெரியவில்லை.

வீட்டில் இருந்தது மண்சட்டி. காலைத் தீயில் வாட்டி, கழுவி, உடைத்துப் போட்டுக் கொதிக்கவிட்டார்கள்.

"சட்டி விசில் அடிக்குமாடா?" என்றான் வெள்ளையன்.

"சட்டிகிட்டயா சொன்னாரு வைத்தியரு? நம்மகிட்டல்ல சொன்னாரு" என்றான் ஒச்சப்பன்.

சொல்லிவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினான். வாசலில் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ் நின்றது. மறுபடி ஊதினான். கிளம்பியது. ஆறாவது விசிலில் கண்டக்டர் இறங்கி வந்து சண்டை பிடித்தார். அதில் எண்ணிக்கை தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். தினமும் இதே கூத்து. தப்பித் தப்பி எண்ணியதில் பொழுது சாய்ந்துவிடும். சூப்பு மட்டும் அருமையாக வெந்திருக்கும்.

"அண்ணே, ஆறுமுன்னன்னா ஆறு மணிக்கு முன்னயா, ஆத்துக்கு முன்னாலயா?" என்று முதல் நாளே கேட்டான் வெள்ளையன்.

சடையப்பன் கண்ணை மூடி யோசித்தான். "எதுக்கு வம்பு? ஆத்துக்கு முன்னால போயி, ஆறு மணிக்கு முன்னயே முடிச்சுடுவோம்."

ஒருவன் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இருவரும் கட்டிலைத் தூக்கி ஆற்றங்கரைக்குப் போனார்கள். அங்கே வடிக்கிற வேலை.

"சோறு வடிச்சா எதைத் திங்கிறோம்?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"சோத்தை."

"தண்ணியை?"

"கீழே ஊத்துறோம்."

"அவ்வளவுதான். ஊத்து."

மணக்க மணக்கச் சூப்பு பாறைக் குழியில் இறங்கியது. எலும்பு தட்டில் வந்தது. சடையப்பன் அதைக் கடித்தான். "வைத்தியமாடா இது? காலு கூடுறதுக்குள்ள பல்லு கழண்டுடும் போலிருக்கே!" என்று கத்தினாலும் ஒருநாள்கூடக் கடிக்காமல் விடவில்லை. கல்யாண ஆசை.

கரையில் ஒரு நொண்டி நாய் திரியும். பாறைக் குழியில் இருந்ததை அது தினமும் நக்கிக் குடித்தது. இருபதாம் நாள் அது நாலு காலையும் ஊன்றி ஓடியது. கரையோர ஓடையை ஒரே தாவலில் தாண்டியது.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"அண்ணே," என்றான் வெள்ளையன் மெதுவாக, "வைத்தியம் பலிச்சிடுச்சு. ஆனா உன் காலு நாய்க்குப் போயிடுச்சு."

சடையப்பன் போர்வைக்குள் இருந்த காலைத் தடவிப் பார்த்தான். வலி இல்லை. "ஆமாடா. இங்க ஒண்ணுமே தெரியல. மொத்தமாப் போயிடுச்சு." கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே முகம் மலர்ந்தது. "அவரு கேட்டது என்ன? என் கால் நடந்து வரணும். அதான் நடக்குதே!"

மறுநாள் மேலக்குடிக்குப் புறப்பட்டார்கள். முன்னால் நாய் நடந்தது. கழுத்தில் மாலை, முதுகில் பட்டுத் துண்டு. பின்னால் கட்டிலில் சடையப்பன்.

வீரபத்திரன் வாசலில் செம்பும் தண்ணீருமாக நின்றார். "மாப்ள கட்டில்ல வர்றாரே?"

"மாப்பிள்ளைதான் கட்டில்ல. கால் நடந்து வந்திருக்கு பாருங்க மாமா" என்று ஒச்சப்பன் நாயைக் காட்டினான்.

வீரபத்திரன் நாயைச் சுற்றி வந்து நடை பார்த்தார். "நொண்டல் இல்ல. நல்ல கால்தான்" என்று குனிந்து, முறைப்படி அதன் காலில் தண்ணீர் ஊற்றினார். நாய் உதறிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

"ஐயோ, என் காலு ஓடுதே! பிடிங்கடா!" சடையப்பன் கட்டிலிலிருந்து குதித்தான். மூங்கில் பத்தை தெறித்துப் பறக்க, இரண்டு தெரு, ஒரு கடலைக் காடு, ஒரு முள்வேலி தாண்டித் துரத்தினான். ஊர் எல்லையில் நாயை மடக்கி, இரு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"இந்தாங்க மாமா, கால். கொண்டாந்துட்டேன். தட்டை மாத்துங்க!"

வீரபத்திரன் முகம் கறுத்தது. "மாப்ள, பேசின பேச்சு என்ன? கால் நடந்து வரணும்னோம். நீங்க தூக்கிட்டு வந்துட்டீங்களே!"

சடையப்பன் நாயைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"அவரு சொல்றது நியாயம்தான்டா" என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டு, நாயையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்தான். "தூக்குங்க. கால் இல்லாதவன் எப்படிடா ஊருக்கு நடக்கிறது?"