ஆண்டியப்பனுக்கு வடக்கே மூணு முழம்

கடலை உடைக்கிற கைக்கு வாய் தேவையில்லை. அதனால் தூளியில் புள்ளை முழித்து அத்தை கூப்பிடுவதற்குள், இந்த முறம் காலியாவதற்குள், மருதையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அரியலூர்ப் பக்கம் கொட்டாங்காடு என்று ஒரு ஊர். அந்த ஊர் மருதையின் பெண்டாட்டி செல்லக்கிளி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய் இருபது நாள் ஆகியிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவள் தண்ணிக்குப் போனாள். மருதை பார்த்துக்கொண்டேதான் இருந்தான். சோறு கருகியதையும் பார்த்தான்.

"ஒரு வேலையையாச்சும் ஒழுங்கா, சொன்னது சொன்னபடி செஞ்சுட்டு வந்து கூப்பிடு. அப்ப வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஊருக்கு வெளியே புல் பூண்டு இல்லாமல் மேடும் பள்ளமுமாக ஒரு களிமண் காடு கிடக்கிறதே, அது பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் கடலாம். அதில் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த உயிர்கள் செத்து, கல்லாகிக் கிடக்கின்றனவாம். அம்மோனைட் என்று பேராம்.

"கிடாக் கொம்பு மாதிரி சுருண்டு, வரி வரியா இருக்கிற கல்லை மட்டும் எடுங்க. எடுத்த இடத்தைச் சீட்டுல எழுதி கல்லோட வைங்க. பக்கத்துல அசையாத பொருள் எதுவோ, அதுலேருந்து அளந்து எழுதணும். சீட்டு இல்லேன்னா எனக்கு அது வெறும் கல்லு. வெள்ளிக்கிழமை வரேன்" என்றார் மேடம் மருதையிடம்.

மருதைக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லக்கிளியைத் திரும்பக் கொண்டுவர இதை விட்டால் வேறு வேலை கிடைக்காது.

தம்பி சின்னக்கண்ணுவையும் மச்சான் ஆண்டியப்பனையும் கூட்டிக்கொண்டான். ஆண்டியப்பன் செல்லக்கிளியின் அண்ணன். தங்கச்சியைப் பார்க்க வந்தவர், தங்கச்சி கோபித்துக்கொண்டு போன பிறகும் எழுந்து போகவில்லை.

காட்டுக்குள் கால் வைத்ததும் சின்னக்கண்ணுவுக்குச் சந்தேகம் வந்தது.

"செத்ததைத் தொடுறோமே அண்ணே, தீட்டு இல்லையா?"

"பத்துக் கோடி வருஷம் ஆச்சுடா."

ஆண்டியப்பன் யோசித்துப் பார்த்து, "அப்ப கருமாதி முடிஞ்சிருக்கும்" என்றார். வேலை தொடங்கியது.

கிடாக் கொம்பு மாதிரி இருக்கவேண்டும் என்றால் கிடா வேண்டாமா? பக்கத்து வீட்டுக் கிடாவை ஓட்டி வந்தார்கள். ஒவ்வொரு கல்லையும் அதன் கொம்புப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் முட்டித் தள்ளியது. மத்தியானத்துக்கு மேல் அதுவே வந்து தலையைக் குனிந்து நின்றது.

அடுத்தது சீட்டு. அசையாத பொருளைத் தேடினார்கள். காட்டில் மரம் இல்லை. கிடா ஒரு இடத்தில் நிற்காது. மேட்டைச் சொல்லலாம் என்றால் போன மழைக்கு ஒரு மேடு கரைந்தே போயிருந்தது. தேடி அலுத்துத் திரும்பியபோது, வந்ததிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் கண்ணில் பட்டார்.

'ஆண்டியப்பனுக்கு வடக்கே மூணு முழம்' என்று முதல் சீட்டை எழுதினான் மருதை. இருபத்தேழு கல்லுக்கும் அப்படியே ஆண்டியப்பனிலிருந்து அளந்து எழுதினான்.

பொழுது சாயும்போது ஆண்டியப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். மருதை இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினான்.

"எழுந்திராதீங்க மச்சான். சீட்டெல்லாம் பொய்யாயிடும்."

"வெள்ளிக்கிழமை வரைக்குமா மாப்பிள்ளை?"

"உங்க தங்கச்சி வாழ்க்கை உங்க இடுப்புலதான் இருக்கு மச்சான்."

அவர் மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோறு போனது, போர்வை போனது, மழை வந்தபோது குடையும் போனது. இடையில் ஒரே ஒரு தடவை எழுந்து மறைவுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் திரும்பி வரும்வரை அந்த இடத்தில் சின்னக்கண்ணு உட்கார்ந்து, யாராவது கேட்டால் தன் பேர் ஆண்டியப்பன் என்று சொல்லத் தயாராக இருந்தான். யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். சீட்டைப் படித்தார், எல்லாச் சீட்டையும் படித்தார், யார் இந்த ஆண்டியப்பன் என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினார்கள். குடைக்குள்ளிருந்து அவர் கும்பிட்டார்.

மேடம் கொஞ்ச நேரம் கிடாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஆண்டியப்பனிலிருந்து கல் எடுத்த குழி வரைக்கும் தானே நாடா பிடித்து அளந்தார். ஒரு முழம் தப்பில்லை. மருதை கேட்டுக்கொண்டபடி, 'சொன்னதைச் சொன்னபடி செய்தார்' என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். "அவரை எழுப்பிட்டு அந்த இடத்துல ஒரு கம்பு நட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லோடு போனார்.

கம்பு நட்டார்கள்.

"அண்ணே, சீட்டுல கம்புன்னு இல்லையே. ஆண்டியப்பன்னுல்ல இருக்கு" என்றான் சின்னக்கண்ணு.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். சீட்டு மேடத்தோடு போய்விட்டது, இனி மாற்ற முடியாது. ஆகையால் கம்புதான் ஆண்டியப்பன் என்று முடிவானது.

"அப்ப நான் யாரு?"

"வேற பேரு கிடைக்கிற வரைக்கும் சும்மா இருங்க" என்றான் மருதை. சும்மா இருப்பது அவருக்குப் பழக்கம்தான்.

மறுநாள் மருதை தாளைக் கொண்டுபோய்க் காட்டினான். செல்லக்கிளி இரண்டு தடவை படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று அதிரசமும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டு வாசலில் பையை இறக்கும் முன்பே, "அண்ணன் எங்கே?" என்று கேட்டாள்.

மருதை பையும் கையுமாக அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கம்பைக் காட்டினான்.

"இந்தா நிக்கிறாரு. நேத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."

கம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதிரசப் பொட்டலத்தை ஆசையாக ஒரு பார்வை பார்த்தார். வாங்கினார். ஒன்றைக்கூட வாயில் போடாமல் அப்படியே கம்புக்கு முன்னால் வைத்துவிட்டு, "உங்க அண்ணனுக்குக் கொண்டாந்ததை நான் எப்படிம்மா திங்கிறது?" என்றார்.

செல்லக்கிளி கையிலிருந்த பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மருதையின் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, அதை நாலாக மடித்து, நேரே, இன்னும் அங்கேயே நின்ற கிடாவுக்குப் பக்கத்தில் போய், அதன் வாய்க்கு நேரே நீட்டி — இதோ வந்துட்டேங்கத்தே, தூளியை ஒரு ஆட்டு ஆட்டுங்க, புள்ளை முழிச்சிருச்சு.