ஒன்றுமில்லை என்று எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

“ஒருத்திக்குக்கூடவா மனசுல பாரம் இருக்காது?” என்று கேட்டாள் தாட்சாயணி.

எதிரே இருந்த யோகராணி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். அது உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. அந்தத் துக்கத்தில் அவள் ஸ்பூனைத் தேடினாள்.

இந்த மாதிரிக் கதைகளில் குருவுக்குத் தாடி இருக்கும். இங்கே குருவுக்கு இரட்டைச் சடை, பதினோராம் வகுப்பு. சிஷ்யைக்கு நாற்பத்தொரு வயது, பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம். யார் குரு, யார் சிஷ்யை என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

வெளியே மூடுபனி. கோத்தகிரிப் பக்கத்து மலையில் மூன்று மணிக்கெல்லாம் அது பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிடும். முதலில் கொடிக்கம்பம் காணாமல் போகும். பிறகு தண்ணீர்த் தொட்டி. பிறகு ஜன்னல் வழியாக உள்ளே ஏறி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

மேசையில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் இருந்தன. பெயர் வேண்டாம், வயது போதும். ஒன்பதாவது கேள்வி இது: ‘உங்கள் மனதை வாட்டும் விஷயம் ஏதேனும் உண்டா? இருந்தால் எழுதவும்.’

அத்தனை பெண்களும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். ‘ஒன்றுமில்லை.’ சிலர் அதன் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருந்தார்கள்.

நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. செவ்வாயும் வியாழனும் ஊட்டியிலிருந்து ஓர் அக்கா வந்து அங்கே உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் போய்ப் பேசலாம், அழலாம். அந்த அறையை நடத்தும் அறக்கட்டளைக்காகத்தான் தாட்சாயணி இந்த ஆய்வைச் செய்கிறாள். தேவை இருக்கிறது என்று தெரிந்தால் அறை இருக்கும். இல்லையென்றால் அடுத்த மாதம் பூட்டு. திங்கட்கிழமை அறிக்கை போயாக வேண்டும்.

அறையைக் காப்பாற்ற வந்த தாட்சாயணி, அதை மூடும் காகிதத்தைத் தன் கையாலேயே எழுதப்போகிறாள்.

“நீ அந்த ரூமுக்குப் போயிருக்கியா?”

“வியாழக்கிழமை மூணாவது பீரியட் அங்கதான் மிஸ் இருப்பேன். ஒரு வருஷமா.”

“ஃபாரத்துல என்ன எழுதின?”

“ஒன்றுமில்லை.”

“நீயுமா!”

“ஆமா மிஸ்.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. ஸ்பூனால் டம்ளரின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

தாட்சாயணிக்குக் கோபம் வந்தது. கேள்விகளைச் சரிபார்க்கவே ஐந்து மாணவிகளைச் சேர்த்து ஓர் இளையோர் குழு அமைத்திருந்தாள். யோகராணி அதில் ஒருத்தி. கூட்டம் போட்டார்கள், டீ குடித்தார்கள், போட்டோகூட எடுத்தார்கள்.

“அன்னைக்கு ஒவ்வொரு கேள்வியையும் படிச்சுக் காட்டினேனே. அஞ்சு பேரும் தலையாட்டினீங்க. இந்தக் கேள்விக்கு யாரும் எழுதமாட்டாங்கன்னு அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க ‘புரியுதா’ன்னு கேட்டீங்க மிஸ். புரிஞ்சுது. ‘சரியா இருக்கா’ன்னு கேக்கலையே.”

தாட்சாயணி ஒன்பதாவது கேள்வியை மறுபடி படித்தாள்.

பனி இரண்டாவது பெஞ்சுவரை வந்துவிட்டது. கரும்பலகையில் யாரோ எழுதிய கணக்கு பாதிக்குமேல் தெரியவில்லை. அறைக்குச் சுவர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. இந்தப் பள்ளிக்கூடம் மலையை விட்டுக் கிளம்பி எங்கோ மெல்ல மிதந்து போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. போனால் போகட்டும், திங்கட்கிழமை இல்லாத ஊருக்குப் போகட்டும் என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“என்ன மிஸ் ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா.”

யோகராணி காலிப் படிவம் ஒன்றை எடுத்தாள். வயது என்ற இடத்தில் நாற்பதுக்குமேல் என்று போட்டாள். ஒன்பதாவது கேள்விக்கு நேரே நிதானமாக எழுதினாள். ‘ஒன்றுமில்லை.’ ஸ்கேலைத் தேடி எடுத்துக் கோடும் போட்டு, கட்டின் மேல் வைத்தாள்.

தாட்சாயணி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. எஸ்டேட்டுக்குப் போகும் நாலரை மணி பஸ்.

“உன் பஸ் போயிடும்மா.”

“ஆறு மணிக்கு இன்னொண்ணு இருக்கு மிஸ்.”

அவள் எழுந்திருக்கவில்லை. ஹாரன் இன்னொரு தரம் கேட்டது. பிறகு பஸ் கிளம்பி வளைவுகளில் உறுமிக்கொண்டே இறங்கும் சத்தம், பிறகு அதுவும் இல்லை. பனி இருவருக்கும் நடுவில் வந்துவிட்டது. எதிரே ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும் தெரிந்தது.

பிறகு ரிப்பன் இருந்த பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அப்புறம்?”

அவ்வளவுதான். கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது. வேலையெல்லாம் முடிந்தபின் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வோமே, அந்த ‘அப்புறம்’.

“என் பொண்ணு கோயம்புத்தூர்ல படிக்கிறா” என்றாள் தாட்சாயணி. தன் குரல் வேறு யாருடையதோ என்பதுபோல் கேட்டது. “ஹாஸ்டல். தெனமும் போன் பண்ணுவேன். என்னடி விசேஷம்னு கேப்பேன். ‘ஒண்ணுமில்லம்மா’ம்பா. சரின்னு வெச்சிடுவேன்.”

“ம்.”

“போன வாரம் வார்டன் கூப்பிட்டாங்க. பதினஞ்சு நாளா அவ மெஸ்ஸுக்கே சரியா வர்றதில்லையாம். ராத்திரி மொட்டை மாடியில தனியா உக்காந்திருக்காளாம். அந்தப் பதினஞ்சு நாளும் நான் போன் பண்ணியிருக்கேன். பதினஞ்சு நாளும் சரின்னு வெச்சிருக்கேன்.”

“ம்.”

அந்த ‘ம்’மில் அவசரம் இல்லை. தாட்சாயணி இன்னும் பேசினாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள், அழவும் செய்தாள். யோகராணி பேனாவைத் தொடவே இல்லை.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. அறக்கட்டளை அதிகாரி.

“மேடம், திங்கட்கிழமை அறிக்கை வந்துடும்ல?”

“வராது சார்.”

“ஏன்? எல்லாப் பிள்ளைங்களையும் கேட்டு முடிச்சாச்சுன்னு காலையில சொன்னீங்களே? என்னதான் எழுதியிருக்காங்க? ஒண்ணும் இல்லைன்னா அந்த ரூமைப் பூட்டிடச் சொல்லிடறேன்.”

“பூட்டாதீங்க சார்” என்றாள் தாட்சாயணி. “கேள்வி கேட்டாச்சு. இனிமேதான் கேக்கணும்.”