டம்ளருக்கு அடியில் ஒரு பெயர்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தார் பெரிய டாக்டர் சபாபதி. "புற்றுநோய் வார்டுல அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிக்குது. உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல. ரத்தத்துல என்ன கிருமின்னு பத்தே நிமிஷத்துல பேர் வேணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க!"

டெக்னீசியன் ஜெபக்கனி அசையவில்லை. "உங்க கையெழுத்து இல்லாம முடிவை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு சார். இப்ப வாயைத் திறக்கட்டுமா?"

"திறந்து தொலை!" என்று, பின்னால் ஓடிவந்திருந்த நர்ஸ் உட்பட எல்லார் முன்னாலும் கத்தினார் டாக்டர்.

"அபூர்வமான பூஞ்சை சார். மெஷின் அப்பவே சொல்லிருச்சு. மூணு தடவை உங்க ரூமுக்கு வந்தேன், பியூன் உள்ள விடல. ரிப்போர்ட்டை அவரே வாங்கி உள்ள வச்சாரு, வாசல்லேருந்து பாத்தேன். ஒரு மணி நேரமா அது உங்க மேஜையில, காபி டம்ளருக்கு அடியில இருக்கு."

நர்ஸ் பூஞ்சைக்கான மருந்தெடுக்க ஓடினாள். டாக்டர் தன் அறைக்கு ஓடி டம்ளரைத் தூக்கினார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் காபி வட்டமாக முத்திரை குத்தியிருந்தது.